நிறம் போன பின்னும் தங்கும் உலோகம்

திருப்பூர்ச் சாயக்கழிவு பற்றிய வழக்குகளிலும் போராட்டங்களிலும் இரண்டு விஷயங்களே எப்போதும் முன்னால் நின்றிருக்கின்றன: தண்ணீரின் நிறம், தண்ணீரின் உப்பு. நிறம் கண்ணுக்குத் தெரியும். உப்பு நாக்குக்கும் பயிருக்கும் தெரியும் என்பதால் அது இயல்புதான். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேரும் நொய்யல், சாயப்பட்டறைகள் பெருகிய காலத்தில் கழிவைச் சுமக்கும் வாய்க்காலாகிப்போனது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் தண்ணீரைத் தேக்க வேண்டாம் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் தொடுத்த வழக்கில் 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறக் கூடாது என்ற நிலையை எட்டச் சொன்னது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அப்படியும் கழிவு நிற்காததால் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகள் மொத்தமாக மூடப்பட்டன. சுத்திகரிப்பு வசதியைச் செய்து முடித்தவை பிறகு படிப்படியாகத் திறந்தன. இந்த நீண்ட வரலாற்றில் கன உலோகங்கள் ஆய்வறிக்கைகளின் அட்டவணைகளில் இடம்பெற்றனவே தவிர, தீர்வுத் திட்டத்தின் மையத்துக்கு வரவேயில்லை. அவற்றை நிறத்தோடும் உப்போடும் சேர்த்துத் தண்ணீரின் குணங்களில் ஒன்றாகவே எண்ணினோம். அந்த எண்ணத்தில்தான் கோளாறு இருக்கிறது. சாய மூலக்கூறு சிதையும். அதிலிருக்கும் உலோகம் எந்தச் சுத்திகரிப்பாலும் அழியாது, இடம் மட்டுமே மாறும். ஆகவே உலோகத்தைக் கழிவுநீர்க் குழாயின் வாயில் அளந்து கட்டுப்படுத்த முடியாது; சாயத்தூள் பட்டறைக்குள் நுழையும் இடத்திலேயே கணக்கெடுத்தாக வேண்டும்.

சாயத்தில் உலோகம் எங்கிருந்து வருகிறது? கலப்படம் என்றே பலர் நினைக்கிறார்கள். அது ஒரு பகுதிதான். சில சாயங்களில் உலோகமே நிறத்தின் எலும்புக்கூடு. பனியன் துணிக்குப் போடும் டர்க்காய்ஸ் நீலம் பெரும்பாலும் தாமிர தாலோசயனைன் என்ற சேர்மத்தில் செய்தது. அந்த மூலக்கூறின் நடுவே ஒரு தாமிர அணு உட்கார்ந்திருக்கிறது. வெளிச்சத்தில் மங்காத சில நீலங்களும் செவ்வூதாக்களும் தாமிரக் கூட்டுச் சாயங்கள். கம்பளிக்கும் நைலானுக்கும் போடும் உலோகக் கூட்டுச் சாயங்களில் குரோமியமோ கோபால்ட்டோ இருக்கும். கம்பளியில் ஆழ்ந்த கறுப்பும் நீலக்கறுப்பும் எடுக்க, சாயம் ஏறிய பிறகு பொட்டாசியம் டைகுரோமேட்டில் கொதிக்கவைப்பது ஒரு நூற்றாண்டுக்கு மேல் பழகிய முறை. இவற்றைத் தவிர, சாயம் தயாரிக்கும் வழியில் ஒட்டிக்கொண்டு வரும் உலோகங்கள் உண்டு. ஆந்த்ராகுவினோன் வகைச் சாயங்களின் இடைநிலைப் பொருள்கள் சிலவற்றைச் செய்யப் பாதரசம் வினையூக்கியாகப் பயன்பட்டது. பாலியஸ்டர் நூல் செய்யும்போதே ஆன்டிமனி வினையூக்கியாகச் சேர்ந்துவிடுவதால், 130 டிகிரி வெப்பத்தில் அந்தத் துணிக்குச் சாயம் ஏற்றும்போது அதில் ஒரு பங்கு சாயத் தண்ணீருக்குள் கசிகிறது. உலோகமே இல்லாத சாயத்தைப் போட்டாலும் இது நடக்கும்.

ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 கிலோ பின்னல் துணிக்கு அடர்த்தியான டர்க்காய்ஸ் ஷேடு எடுக்க 3 கிலோ சாயத்தூள் போகிறது என்று வைத்துக்கொள்வோம். தூளில் கலந்திருக்கும் உப்பையும் பிறவற்றையும் கழித்தபின் தாமிரம் சுமார் 3 சதவீதம் எனக் கொள்ளலாம். டர்க்காய்ஸ் துணியில் எளிதில் ஒட்டாத சாயம்; மூன்றில் ஒரு பங்கு பிடிக்காமல் அலசலில் வெளியேறுவது சகஜம். அப்படியானால் 90 கிராம் தாமிரத்தில் 60 கிராம் துணியோடு போகிறது, 30 கிராம் தண்ணீரோடு போகிறது. சாயம் ஏற்றவும் அலசவும் 10,000 லிட்டர் தண்ணீர் செலவானால் லிட்டருக்கு 3 மில்லிகிராம். ஆறு, ஏரிகளில் விடும் கழிவுநீரில் தாமிரத்துக்கு இந்தியச் சுற்றுச்சூழல் விதிகளின் பொது வரம்பும் இதே 3 மில்லிகிராம்தான். பட்டறை இன்னும் இரண்டு முறை கூடுதலாக அலசித் தண்ணீரை 20,000 லிட்டராக்கினால் அளவு 1.5 மில்லிகிராமாக இறங்கி, பரிசோதனையில் நல்ல பெயர் கிடைக்கும். ஆற்றுக்குப் போனது அதே 30 கிராம். லிட்டருக்கு இவ்வளவு என்ற அளவுகோல் தண்ணீரை வீணாக்குகிறவருக்குச் சலுகையும் சிக்கனமாகச் செலவிடுகிறவருக்குத் தண்டனையும் தருகிறது. போதாததற்கு, வெளியேறும் கழிவை ஆறு நீர்த்துப்போகச் செய்துவிடும் என்ற அனுமானம் அந்த வரம்புகளுக்குள் ஒளிந்திருக்கிறது. குடிநீரில் காட்மியம் லிட்டருக்கு 0.003 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். கழிவுநீரிலோ 2 மில்லிகிராம் வரை இருக்கலாம். இடையில் அறுநூறு மடங்குக்கு மேல் வேறுபாடு. மழைக்காலம் தவிர மற்ற மாதங்களில் சொந்த நீரோட்டம் இல்லாத நொய்யல் போன்ற ஆற்றில் அந்த அறுநூறு மடங்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்?

சாயத் தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் இங்கே ஒரு நியாயமான மறுப்பைச் சொல்வார்கள். சாயத்துக்குள் இருக்கும் உலோகம் கரிமக் கூட்டில் இறுகக் கட்டுண்டது. அது தாமிர சல்பேட்டையோ டைகுரோமேட்டையோ போலத் தனியாகக் கரைந்து உடலுக்குள் புகாது என்பார்கள். மூடிய டப்பாவில் இருக்கும் சாயத்தைப் பொறுத்தவரை இது உண்மை. தாமிர தாலோசயனைன் மிக உறுதியான மூலக்கூறு. ஆனால் கழிவுநீரிலிருந்து நிறத்தை எடுக்க நாம் செய்யும் வேலையே அந்தக் கூட்டை உடைப்பதுதான். ஓசோனோ, குளோரினோ, இரும்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்த ஃபென்டன் வினையோ நிறம் தரும் பகுதியைத் துண்டாடும்போது, உள்ளே கட்டுண்டிருந்த தாமிரம் அயனியாக விடுபடுகிறது. குரோமியக் கூட்டுச் சாயங்களில் நிலைமை இன்னும் மோசம். அவற்றில் உள்ள குரோமியம் பெரும்பாலும் மூவிணைதிற வடிவில், ஒப்பளவில் தீங்கு குறைந்ததாக இருக்கிறது. ஓசோன் போன்ற வலிய ஆக்சிஜனேற்றிகள் அதை அறுவிணைதிற வடிவுக்கு, புற்றுநோய் உண்டாக்கும் வடிவுக்கு, மாற்றக்கூடியவை. தெளிந்த தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் பிடித்துக் காட்டி, சுத்திகரிப்பு வெற்றி என்று அறிவிக்கும் அந்தக் கணத்தில், உலோகம் முன்னைவிட எளிதாக உயிருக்குள் புகும் நிலையில் இருக்க வாய்ப்புண்டு. பின்னால் வரும் கட்டங்களில் அதைப் பிடித்தாலொழிய நிறநீக்கத்தைச் சுத்திகரிப்பு என்று சொல்லக் கூடாது.

சரி, இப்போது திருப்பூரில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கழிவுநீரை வெளியே விடாமல் எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் வடித்து, மிச்சத்தை ஆவியாக்கி, தண்ணீரையும் உப்பையும் திரும்பப் பட்டறைகளுக்கே தருகின்றனவே, பிரச்சினை தீர்ந்துவிட்டதல்லவா என்று கேட்கலாம். நீதிமன்றமும் விவசாயிகளும் தொழில்துறையும் பெரும் விலை கொடுத்து எட்டிய நிலை அது. அதைக் குறைத்து மதிப்பிடுவது அநீதி. ஆனால் தண்ணீர் வெளியேறாத இடத்தில் உலோகம் என்ன ஆகிறது? ஒரு பங்கு கசடில் படிகிறது. ஒரு பங்கு, திரும்பப் பயன்படுத்த முடியாத கலப்பு உப்பில் சேர்கிறது. இரண்டும் சாக்கு மூட்டைகளாக அடுக்கப்படுகின்றன. வேதிக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் வரும் கசடு சட்டப்படி அபாயகரமான கழிவு. அதில் கணிசமான அளவு சிமெண்ட் ஆலைகளின் சூளைகளுக்கு, சுண்ணாம்புக் கல்லோடும் எரிபொருளோடும் சேர்த்து எரிக்க, அனுப்பப்படுகிறது. கரிமப் பொருள்களை அழிக்க இது நல்ல வழி. உலோகத்துக்கு அப்படியில்லை. சிமெண்ட் சூளை என்பது காரத்தன்மையும் ஆக்சிஜனும் 1,400 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பமும் கூடிய இடம். உள்ளே வரும் குரோமியத்தில் ஒரு பகுதி அங்கே அறுவிணைதிற வடிவமாகிறது. ஈரச் சிமெண்டைக் கையால் தொட்டு வேலை செய்யும் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் வரும் விடாப்பிடியான தோல் அழற்சிக்கு அந்தக் குரோமியம் முக்கியக் காரணம் என்பது தோல் மருத்துவத்தில் பழைய செய்தி. இதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் சிமெண்டில் நீரில் கரையும் அறுவிணைதிற குரோமியத்துக்குப் பத்து லட்சத்தில் 2 பங்கு என வரம்பு விதித்தது. சிமெண்டில் உள்ள குரோமியத்தில் பெரும்பகுதி சுண்ணாம்புக் கல்லிலிருந்தும் சூளையின் உட்பூச்சுக் கற்களிலிருந்தும் வருவதே. சாயக்கசடின் பங்கு சிறிதாகவே இருக்கலாம். ஆனாலும் ஆற்றிலிருந்து விலக்கிய உலோகம் யாருடைய கைக்குப் போகிறது என்று கேட்கும் பொறுப்பு, அதை விலக்கிய நமக்கு இருக்கிறது.

உப்புதான் நொய்யலின் உண்மையான கேடு, உலோகத்தைப் பெரிதாக்குவது கவனத்தைச் சிதறடிக்கும் என்பது அடுத்த மறுப்பு. பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயங்களைப் பொறுத்தவரை இதில் பாதி நியாயம் உண்டு. அதிகமாகப் புழங்கும் ரியாக்டிவ் கறுப்பின் மூலக்கூறில் உலோகமே கிடையாது. உப்போ லிட்டருக்கு 50, 80 கிராம் என்று கொட்டப்படுகிறது. ஆனால் மண்ணுக்குள் போனபின் இரண்டும் தனித்தனியாக இருப்பதில்லை. காட்மியம் சாதாரணமாகக் களிமண் துகள்களில் ஒட்டிக்கொண்டு அதிகம் நகராது. குளோரைடு மிகுந்த மண்ணில் அது குளோரைடோடு சேர்ந்து கரையும் கூட்டாக மாறி, துகளைவிட்டு விடுபட்டு, வேருக்குள் எளிதாக ஏறுகிறது. உப்பு நீர் பாய்ந்த ஆஸ்திரேலிய வயல்களின் உருளைக்கிழங்கில் காட்மியம் கூடுவதற்கு, மண்ணில் இருந்த காட்மியத்தைவிட நீரின் குளோரைடே பெரிய காரணம் என்பதை அந்நாட்டு மண்ணியலாளர்கள் 1990களிலேயே காட்டினார்கள். அங்கே காட்மியம் வந்தது பாஸ்பேட் உரத்திலிருந்து. சாயத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. வேதியியல் மட்டும் ஒன்றே. பல்லாண்டுகள் உப்புக்கழிவு பாய்ந்த ஒரு பள்ளத்தாக்கில் உலோகம் குறைவு என்று சொல்லி ஆறுதல் அடைவதற்கு முன், அங்கே இருக்கும் சிறிதளவும் எவ்வளவு எளிதாக நகரும் என்று பார்க்க வேண்டும்.

உடலுக்கு வரும் கேட்டை எல்லா உலோகத்துக்கும் ஒரே குரலில் சொல்வது விஞ்ஞானத்துக்கும் மக்களுக்கும் செய்யும் துரோகம். தாமிரம் நம் உடலுக்குச் சிறிதளவு தேவை. மிகுதியை ஈரல் வெளியேற்றிவிடும். ஆனால் மீனின் செவுள் அதைத் தாங்காது. லிட்டருக்கு மில்லிகிராமில் ஒரு சிறு பின்னமே ஓடை உயிர்களைக் கொல்லப் போதும். நிக்கலும் கோபால்ட்டும் முதலில் தோலில் ஒவ்வாமையாகத் தெரியும். அறுவிணைதிற குரோமியத்தில் முதல் ஆபத்து ஆற்றங்கரைக்காரருக்கு வருவதல்ல, தூளை அள்ளுகிறவருக்கு வருவது. டைகுரோமேட்டைக் கரண்டியால் எடுத்து எடைபோட்டு வாளியில் கரைக்கும்போது பறக்கும் தூசு மூக்கின் இடைச்சுவரைப் பொத்தலாக்கும், கையில் ஆறாத குழிப்புண்ணை உண்டாக்கும், நீண்ட காலம் மூச்சில் போனால் நுரையீரல் புற்றுநோய்க்கு வழிவகுக்கும். அந்த வேலை நடப்பது பெரும்பாலும் காற்றோட்டமில்லாத ஒரு சின்ன சாயக் கிடங்கில், முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு. ஈயத்துக்கு, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பொறுத்தவரை, பாதுகாப்பான அளவு என்று ஒன்று தெரியவில்லை என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. காட்மியம் மிகப் பொறுமையான நஞ்சு. சிறுநீரகத்தில் போய்ச் சேர்ந்தது பாதியாகக் குறையவே பத்து முதல் முப்பது ஆண்டுகள் ஆகும். ஜப்பானின் ஜின்சு ஆற்றுப் படுகையில் காமியோகா சுரங்கத்தின் காட்மியம் கலந்த நீரில் விளைந்த அரிசியை உண்டவர்களுக்கு, பெரும்பாலும் நடுவயது தாண்டிய பெண்களுக்கு, எலும்புகள் நொறுங்கின. அதை அரசு மாசினால் வந்த நோய் என ஒப்புக்கொண்டது 1968-இல். நோயாளிகள் அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பிருந்தே வலியில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

அந்தத் தாமதம் நம்மை அடுத்த மறுப்புக்கு எதிரே நிறுத்துகிறது. நொய்யல் கரையில் இன்னாருக்கு வந்த இன்ன நோய் சாயப்பட்டறையின் உலோகத்தால்தான் வந்தது என்று நிரூபிக்க முடியுமா? தனி மனிதர் அளவில் பெரும்பாலும் முடியாது. கோவையின் மின்முலாம் பூசும் கூடங்கள், வார்ப்பாலைகள், நகரச் சாக்கடை எல்லாம் அதே ஆற்றில்தான் சேர்ந்தன. ஆற்றுச் சேற்றில் கிடக்கும் நிக்கல் அணுவின் மேல் அதை அனுப்பியவர் பெயர் எழுதியிருக்காது. ஆனால் இந்த வாதத்தை வைக்கிறவர்கள் அதன் விளைவை முழுதாக ஏற்க வேண்டும். கடைசி இடத்தில் பொறுப்பைப் பிரிக்க முடியாது என்றால், பிரிக்க முடிகிற ஒரே இடம் தொடக்கம்தான். எந்தப் பட்டறைக்குள் எத்தனை கிராம் நுழைந்தது என்பது அங்கே ஐயமின்றித் தெரியும். நோய் நிரூபணமாகட்டும், பிறகு பார்க்கலாம் என்பது இருபது ஆண்டு கழித்துத் தெரியும் நஞ்சுகள் விஷயத்தில் ஒரு தலைமுறையையே சோதனைக்கு ஒப்புக்கொடுப்பதாகும்.

நுழைவாயில் கட்டுப்பாடு பலிக்கும் என்பதற்குச் சாயத் தொழிலின் சொந்த வரலாறே சாட்சி. 1860களில் ஐரோப்பாவைக் கவர்ந்த ஃபுக்சின் என்ற செயற்கைச் செஞ்சாயம், அனிலினை ஆர்சனிக் அமிலத்தால் ஆக்சிஜனேற்றிச் செய்யப்பட்டது. சாயத்துக்குள் ஆர்சனிக்குக்கு எந்த வேலையும் கிடையாது; வினை முடிந்ததும் அது மொத்தமும் கழிவு. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் அந்தக் கழிவு கிணறுகளில் இறங்கி மக்கள் நோயுற்றார்கள். ஆலைக்காரர் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார். நிலத்திலும் ஆற்றிலும் கொட்டிக்கொண்டிருந்ததற்கு முடிவு கட்டியது சுத்திகரிப்பு அல்ல. ஆர்சனிக்கே தேவைப்படாத நைட்ரோபென்சீன் முறை வந்ததுதான். நம் காலத்திலும் உதாரணம் உண்டு. புற்றுநோயூட்டும் அமீன்களை வெளியிடும் அசோ சாயங்களை ஜெர்மனி 1994-இல் தடைசெய்தபோது, இந்திய ஏற்றுமதியே நின்றுபோகும் என்று கூக்குரல் எழுந்தது. இந்தியாவும் 1997-இல் 70 அசோ சாயங்களைத் தடைசெய்தது. திருப்பூர் பனியன் நிற்கவில்லை, சாயம் மாறியது. ஒவ்வொரு பட்டறையின் கழிவுநீரிலும் அமீனைத் தேடிக்கொண்டிருந்தால் இன்றும் தேடிக்கொண்டுதான் இருப்போம்.

ஏற்றுமதித் துணிகளுக்கு ஏற்கெனவே ஓக்கோ-டெக்ஸ் போன்ற சான்றுகள் உலோக அளவைச் சோதிக்கின்றனவே என்பார்கள். சோதிக்கின்றன, குழந்தைத் துணியில் ஈயம் கிலோவுக்கு 0.2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்ற அளவுக்குக் கண்டிப்பாக. ஆனால் அங்கே அளப்பது செயற்கை வியர்வையில் துணியிலிருந்து எவ்வளவு கரைந்து வருகிறது என்பதை. எவ்வளவு நன்றாக அலசுகிறோமோ அவ்வளவு குறைவாகக் கரையும்; அலசிய தண்ணீர் இங்கே. உடுத்துகிற ஹாம்பர்க் குழந்தைக்கு அந்தச் சான்று நல்ல காவல். அலசுகிறவருக்கும் ஆற்றங்கரைக்காரருக்கும் அது எதையும் சொல்வதில்லை. சாயம் தயாரிக்கும் நிறுவனங்களின் பன்னாட்டு அமைப்பு தானாகவே விதித்துக்கொண்ட வரம்புகளும் உண்டு: சாயத்தூளில் குரோமியமும் ஈயமும் பத்து லட்சத்தில் 100 பங்கு, காட்மியம் 20, பாதரசம் 4. நல்ல தொடக்கம்தான். ஆனால் அவை மாசாக வந்த உலோகத்துக்கு மட்டுமே பொருந்தும். மூலக்கூறின் அங்கமாகவே இருக்கும் தாமிரமும் குரோமியமும் அந்தக் கணக்கில் வருவதில்லை. இயற்கைச் சாயத்துக்குத் திரும்புவதும் தானாகத் தீர்வாகாது. படிகாரத்தோடு நின்றால் சரி. பளிச்சென்ற நிறத்துக்காகத் துரிசும் டைகுரோமேட்டும் சேர்க்கும் இடங்களில் இலையும் பட்டையும் பெயருக்கு மட்டுமே இயற்கை.

எதை மாற்ற முடியும், எதை முடியாது என்பதில் நேர்மை வேண்டும். கம்பளியில் டைகுரோமேட் இன்று தவிர்க்கக்கூடியது. அதற்கென உருவாக்கிய ரியாக்டிவ் சாயங்கள் 1960களிலிருந்தே சந்தையில் உள்ளன. விலை கூடுதல் என்பதும், ஆழ்ந்த கறுப்பில் பழைய நேர்த்தி வரவில்லை என்று டையிங் மாஸ்டர்கள் குறைப்படுவதும் உண்மைதான். தூளை அள்ளுகிறவரின் நுரையீரலுக்கு எதிரே வைத்தால் அந்தக் குறை நிற்காது. பருத்தியில் டர்க்காய்ஸுக்கு அதே பளபளப்பும் வெளிச்சம் தாங்கும் திறனும் உள்ள உலோகமற்ற மாற்று எளிதில் கிடைப்பதில்லை. அங்கே தடை கோருவது வீண். டர்க்காய்ஸ் லாட்டின் முதல் சாயத் தண்ணீரை மற்ற தண்ணீரோடு கலக்கவிடாமல் தனித் தொட்டியில் பிடித்து, செறிவு அதிகமாக இருக்கும்போதே தாமிரத்தை வீழ்படிவாக்குவது சாத்தியம். பல பட்டறைகளின் தண்ணீரும் கலந்து நீர்த்தபின் அதைத் தேடுவதுதான் கடினம். செலவு என்ற மறுப்புக்கும் பதில் இதில் இருக்கிறது. சிறு ஜாப் ஒர்க் பட்டறைகளால் ஆய்வுக்கூடம் நடத்த முடியாது. நடத்தச் சொல்லவும் வேண்டியதில்லை. சாயம் தயாரிப்போர் எண்ணிக்கையில் குறைவு, பெரும்பாலும் குஜராத்தில் குவிந்திருக்கிறார்கள், தங்கள் சரக்கில் என்ன இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். மாசாக வந்ததோ மூலக்கூறில் இருப்பதோ, ஒரு கிலோ தூளில் எந்த உலோகம் எத்தனை கிராம் என்று டப்பாவின் மேல் அச்சிட அவர்களைச் சட்டம் கட்டாயப்படுத்தினால் போதும். ஒவ்வொரு லாட்டுக்கும் போகும் சாயத்தைக் கிராம் பிசகாமல் எடைபோட்டு லாட் கார்டில் எழுதும் பழக்கம் பட்டறைகளில் ஏற்கெனவே இருக்கிறது. பக்கத்தில் இன்னொரு கட்டம் சேர்த்தால், மாதக் கடைசியில் பட்டறைக்குள் வந்த தாமிரமும் குரோமியமும் எவ்வளவு என்று தெரிந்துவிடும். அதிலிருந்து துணியோடு போனதைக் கழித்து, மிச்சத்தைச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடிலும் கலப்பு உப்பிலும் அளந்த உலோகத்தோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாத மாதத்தில், குறைகிற கிராம்கள் ஏதோ ஒரு குழாய் வழியாகவோ லாரி வழியாகவோ வெளியே போயிருக்கின்றன; மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அந்த வழியைத் தேட அந்த மாதத்திலேயே இறங்கலாம்.